ஈசிஎச்எஸ்: 12,100 கோடி ஒதுக்கிய பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் ஏன் காசு கேட்கிறார்கள்?

சேப்பர் மகன்:

அப்பாவுக்கு 78 வயது. ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸில் 24 வருடம் இருந்துவிட்டு 1990இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் அட்டை இருக்கிறது. திட்டத்தின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு போனால் எம்பானல்டு ஆஸ்பத்திரியில், அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், ஒரு ரூபாய் கேட்காமல் செய்துவிடுவார்கள். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி இரண்டாவது வாரம் கவுன்டரில் இருந்த பெண், "சார், ஈசிஎச்எஸ் கேஷ்லெஸ் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம், பழைய பில் எதுவும் வரவில்லை, நீங்கள் கட்டிவிட்டு கிளெய்ம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னார். ஆறு சிட்டிங்குக்கு 13,200 ரூபாய் கட்டினோம். ஏழாவது நாள் அப்பா, "ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாதுடா, அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி மூச்சு முட்டியது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அப்புறம் 2026 பிப்ரவரி 1 பட்ஜெட். ஈசிஎச்எஸ்ஸுக்கு 12,100 கோடி, போன பட்ஜெட்டைவிட 45 சதவீதம் அதிகம் என்று செய்தி. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டெல்லியில் இவ்வளவு பணம் இருக்கிறது, கவுன்டரில் இல்லை. நடுவில் எங்கே நிற்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சுபேதார் கிளார்க்:

தம்பி, அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுதுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். நான் சர்வீஸ் முழுக்கக் கணக்கு எழுதியவன். பட்ஜெட்டில் வருகிற தொகையை எல்லாரும் அந்த வருடச் செலவுக்கான பணம் என்று நினைக்கிறோம். மளிகைக் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கும் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். முதல் தேதி சம்பளம் வந்ததும் போன மாத நோட்டுக்குப் பாதி போய்விடும். மிச்சத்தில் இந்த மாதம் இருபதாம் தேதிவரை ஓடும், பிறகு மறுபடி நோட்டு. ஈசிஎச்எஸ்ஸில் சிகிச்சைக்கான கணக்குத் தலைப்பு அப்படித்தான் நடக்கிறது. ஏப்ரலில் பணம் வந்ததும் முதலில் போன வருடத்து நிலுவை பில் அடைபடும். இந்த வருடத்து பில்லுக்கு மிச்சம் இருப்பது டிசம்பர், ஜனவரிக்குள் வற்றிவிடும். உங்கள் அப்பாவுக்கு ஜனவரியில் நடந்தது தற்செயல் இல்லை, அது வருடா வருடம் வறட்சி வரும் மாதம்.

பட்ஜெட் மதிப்பீட்டை வரிசையாகப் பாருங்கள். 2022-23இல் 3,582 கோடி. 2023-24இல் 5,431 கோடி. 2024-25இல் 6,968 கோடி. 2025-26இல் 8,317 கோடி. 2026-27க்கு 12,100 கோடி. நான்கே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல். ஒரு திட்டத்துக்கு இந்த வேகத்தில் தொகையைக் கூட்ட வேண்டி வருகிறது என்றால், முன்னால் போட்ட மதிப்பீடு உண்மையான செலவுக்குக் கீழே இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். கூட்டியதைக் குறை சொல்லவில்லை. கூட்டியதே நல்லது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பென்ஷன் தனிக் கணக்கு, 2026-27க்கு சுமார் 1.71 லட்சம் கோடி. அது நிற்காது. கருவூலத்தில் நெருக்கடி என்றாலும் மாதக் கடைசியில் பென்ஷன் கணக்கில் ஏறிவிடும், ஏனென்றால் அதைக் கொடுத்தே ஆக வேண்டிய கடமையாக வைத்திருக்கிறார்கள். மருத்துவச் செலவு அப்படி இல்லை. ஒதுக்கிய தொகை தீர்ந்தால் தீர்ந்ததுதான், திருத்திய மதிப்பீட்டில் கேட்டு வாங்க வேண்டும். நோய் மட்டும் மார்ச் 31வரை காத்திருக்காது.

சேப்பர் மகன்:

அப்பா இப்போது பரவாயில்லை ஐயா. பழையபடி வாரம் இரண்டு நாள். பணம் கட்டித்தான். கேட்டதற்கு நன்றி.

பில்லிங் மேசையிலிருந்து:

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈசிஎச்எஸ் பில் போடுகிற ஆள். ஊரும் பெயரும் வேண்டாம். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் பில், ரிப்போர்ட், ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆன்லைனில் ஏற்ற வேண்டும். 2012இலிருந்து இதைச் சரிபார்க்கும் வேலை யுடிஐஐடிஎஸ்எல் நிறுவனத்திடம். அவர்கள் பார்த்து, சந்தேகம் இருந்தால் "கூடுதல் தகவல் தேவை" என்று திருப்புவார்கள். நாங்கள் பதில் போட்டால் மறுபடி வரிசையில் நிற்கும். பிறகு ஈசிஎச்எஸ்ஸின் ரீஜினல் சென்டர். தொகை பெரிதாக இருந்தால் அதற்கும் மேலே. எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும் கணக்குத் தலைப்பில் பணம் இருந்தால்தான் கைக்கு வரும். மருந்துக் கம்பெனியும் டயாலிசிஸ் கிட் கொடுப்பவரும் எங்களுக்கு அவ்வளவு நாள் தவணை தர மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி தாங்கும். ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரி தாங்காது.

கட்டண விகிதத்தையும் சொல்ல வேண்டும். ஈசிஎச்எஸ் மத்திய அரசு ஊழியர்களின் சிஜிஎச்எஸ் விகிதத்தைப் பின்பற்றுகிறது. அந்த விகிதம் 2014இல் போட்டது, இடையில் சில்லறை மாற்றம் தவிரப் பெரிதாகத் தொடவில்லை. 2025 அக்டோபரில்தான் ஏறத்தாழ இரண்டாயிரம் சிகிச்சை முறைகளுக்குத் திருத்தினார்கள். ஈசிஎச்எஸ்ஸுக்கு டிசம்பரிலிருந்து அமல். பதினொரு வருடம் பழைய விலையில் அறுவை சிகிச்சை செய்து, அந்தப் பணமும் ஆறு மாதம் கழித்து வந்தால், நல்ல ஆஸ்பத்திரிகள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக விலகும். சிறு ஊர்களில் விலகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களிலும் தவறு செய்கிறவர்கள் உண்டு, மறைக்கவில்லை. தேவையில்லாமல் ஐசியூவில் ஒரு நாள் கூட வைப்பது, செய்யாத பரிசோதனையைச் சேர்ப்பது. அதைப் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு சரிபார்ப்பு. ஆனால் அந்த வடிகட்டியில் நேர்மையான பில்லும் மாட்டிக்கொள்கிறது.

பழைய சுபேதார் கிளார்க்:

நேர்மையாக எழுதியதற்கு நன்றி. 2015இலேயே தணிக்கைத் துறைத் தலைவர் ஈசிஎச்எஸ் பற்றித் தனி அறிக்கை கொடுத்தார். மருந்துத் தட்டுப்பாடு, ஆஸ்பத்திரிகளுக்குப் போன கூடுதல் தொகை எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கிறது. பத்து வருடம் கழித்தும் நாம் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

சேப்பர் மகன் தம்பிக்கு ஒன்று. எம்பானல்டு ஆஸ்பத்திரி ரெஃபரல் இருக்கும்போது காசு கேட்பது ஒப்பந்தத்துக்கு விரோதம். "கேஷ்லெஸ் தர முடியாது" என்பதை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், கட்டிய ரசீதில் ரெஃபரல் எண் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியான ஓஐசிக்கு ஒரு கடிதம், ரீஜினல் சென்டருக்கு ஒரு பிரதி. அதே விஷயத்தை மத்திய அரசின் குறைதீர் இணையதளத்திலும் போடுங்கள். அங்கே போட்டால் ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று எல்லாருக்கும். அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். நிறையப் பேர் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் சொல்கிறார்கள். அதிலேயே கிளெய்ம் போய்விடுகிறது.

வரி கட்டுபவன்:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை, மனதில் உள்ளதைக் கேட்கிறேன். என் அப்பா நாற்பது வருடம் கட்டட வேலை செய்தவர். முதுகு போய்விட்டது. அவருக்குக் கிடைப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம், அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். சாதாரண மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறார். ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பென்ஷன் மட்டும் 1.71 லட்சம் கோடி, மேலே தனி மருத்துவம், கேன்டீன். உடம்பைக் கொடுத்து உழைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

பழைய சுபேதார் கிளார்க்:

நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

ஜவான் பதினெட்டு வயதில் போய், பெரும்பாலும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் வெளியே வருகிறான். அவனை அந்த வயதில் அனுப்புவது அரசின் தேவை, படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக. மற்ற அரசு ஊழியர் அறுபதுவரை சம்பளம் வாங்கும்போது இவன் பாதிக்கும் குறைவான தொகையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். பென்ஷன் மொத்தம் பெரிதாகத் தெரிய ஒரு காரணம் அதை வாங்குகிற வருடங்கள் அதிகம் என்பது.

மருத்துவம் முழுக்க இலவசமும் இல்லை. 2003 ஏப்ரல் 1 அன்று ஈசிஎச்எஸ் தொடங்கும்வரை ஓய்வு பெற்ற ஜவானுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரிதான் கதி, இடம் இருந்தால் பார்ப்பார்கள். வெல்லிங்டனுக்கோ சென்னைக்கோ கிராமத்திலிருந்து எத்தனை பேர் போக முடியும்? ஈசிஎச்எஸ் வந்தபோதே சந்தா வைத்துத்தான் வந்தது. இப்போது ஹவில்தார்வரை 30,000 ரூபாய், ஜேசிஓவுக்கு (சுபேதார் நிலையினர்) 67,000, அதிகாரிக்கு 1,20,000, ஓய்வு பெறும்போதே பிடித்துக்கொள்கிறார்கள். 1996க்கு முன் வந்தவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் விலக்கு உண்டு.

ஆனால் உங்கள் அப்பாவின் முதுகுக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒருவருக்குக் கொடுப்பதைக் குறைத்தால் அது உங்கள் அப்பாவுக்கு வந்து சேராது தம்பி.

வரி கட்டுபவன்:

வயது விஷயம் நான் யோசிக்காதது, ஏற்றுக்கொள்கிறேன். சந்தா இருப்பதும் தெரியாது. ஒன்று மட்டும் என் பக்கம் நிற்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் தட்டுப்பாடு இல்லாமல் நடந்தால் சேப்பர் மகன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள், தனியாரிடம் பில்லுக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை. அதற்கும் சேர்த்துக் குரல் கொடுங்கள்.

மருந்துக் கட்டு:

பாலிகிளினிக் ஒன்றில் ஃபார்மசிஸ்ட்டாக ஒப்பந்தத்தில் இருந்தேன். இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று, பாலிகிளினிக்கில் டாக்டர், நர்ஸ், டிரைவர் என்று ஏறக்குறைய எல்லாருமே ஒப்பந்த ஆட்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். நல்ல டாக்டர் ஒருவர் வந்து வயசாளிகளின் பெயரெல்லாம் பழகி முடிப்பதற்குள் வேறு இடம் கிடைத்துப் போய்விடுவார்.

மருந்து விஷயம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு மாத மாத்திரை கொடுக்க வேண்டும். இருப்பில் பாதிதான் இருக்கும். ஒரு பெரியவர் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறார், காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்குகிறார், பன்னிரண்டு மணிக்கு என்னிடம் வருகிறார். ஐந்து மருந்தில் மூன்றுக்கு இருப்பில் இல்லை என்று "என்ஏ". அந்த முத்திரையை வைத்து வெளியே வாங்கி பில் போடலாம் என்று சொல்வேன். படித்தவர்கள் போடுவார்கள். நாயக், சிப்பாய் ரேங்கில் போன பெரியவர்கள் போட மாட்டார்கள். இருநூற்று ஐம்பது ரூபாய் மாத்திரைக்கு நான்கு தாள் நிரப்பி, கேன்சல் செய்த காசோலை வைத்து, ரசீது ஒட்டி, அதற்கும் ஒரு தடவை பஸ் ஏறி வர வேண்டுமா என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப்போன இருநூற்று ஐம்பதுகள் எந்தப் பட்ஜெட் கணக்கிலும் வராது. அந்த வருடத்துச் செலவு குறைவாகத் தெரியும், அதை வைத்து அடுத்த வருடம் மதிப்பீடு போடுவார்கள்.

மாத்திரையை நிறுத்தியவர் ஆறு மாதத்தில் பக்கவாதத்தோடு ஸ்ட்ரெச்சரில் வருவார். அப்போது லட்சக்கணக்கில் பில் ஆகும். இதை என் கண்ணால் இரண்டு தடவை பார்த்தேன்.

கம்மவான்பேட்டைப் பக்கம்:

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். ஊருக்கே ராணுவப்பேட்டை என்றுதான் பெயர். அதனால் எனக்குத் தெரிந்த கதையெல்லாம் விதவைகள் கதை.

பெரியவர் இருக்கும்வரை எல்லாம் நடக்கும். டிஸ்சார்ஜ் புக் எங்கே, பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். அவர் போன அடுத்த மாதம் அம்மாவுக்குப் பென்ஷன் நிற்கும். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதினால், பதிவேட்டில் பெயர் "லக்ஷ்மி", ஆதாரில் "இலட்சுமி அம்மாள்". சில வீடுகளில் கல்யாணமே பதிவாகி இருக்காது. 1970களில் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போன மனிதர், யூனிட்டில் சொல்லி, கல்யாணத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போடவில்லை. ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய அம்மா காகிதத்தில் யாரோ ஒருவர். பென்ஷன் இல்லை என்றால் ஈசிஎச்எஸ் அட்டையும் இல்லை.

இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்கு மாறியதில் வசதியும் உண்டு, சிரமமும் உண்டு. நவம்பரில் உயிர்வாழ் சான்று போனில் முகம் காட்டியே கொடுத்துவிடலாம், அலைச்சல் மிச்சம். ஆனால் கண்புரை வந்த கிழவிக்கு ஓடிபி யார் படித்துச் சொல்வது? எங்கள் தெருவில் நானும் இரண்டு பையன்களும் சேர்ந்து போன நவம்பரில் அறுபத்து மூன்று பேருக்குப் போட்டுக் கொடுத்தோம்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மூன்று காகிதத்தைப் பாருங்கள் என்று இங்கே படிக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். பிபிஓவில் அம்மா பெயர், பிறந்த தேதி. ஆதாரில் அதே எழுத்து. ஸ்பர்ஷில் இருவரும் சேர்ந்த புகைப்படம். தப்பு இருந்தால் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு இப்போதே எழுதுங்கள். அவர் கையெழுத்துப் போட இருக்கும்போது எளிது.

பழைய சுபேதார் கிளார்க்:

அம்மாவோ ஐயாவோ தெரியவில்லை, அறுபத்து மூன்று பேருக்குச் செய்ததற்குக் கைகூப்புகிறேன். ஒரு சேர்க்கை: பென்ஷன் இல்லாமல் குறைந்த வருட சர்வீஸில் வந்த 65 வயது தாண்டிய வறியவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு மாத உதவி தருகிறது. நாலாயிரமாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து எட்டாயிரம். கொடிநாள் நிதியிலிருந்துதான் போகிறது, டிசம்பர் 7 அன்று கலெக்டர் ஆபீசில் உண்டியலில் போடுகிறோமே, அதே நிதி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். தெரியாமலேயே இறந்து போனவர்கள் நிறைய.

லோ மெடிக்கல்:

அட்டை வைத்திருப்பவர்கள் பற்றியே பேசுகிறோம். ஊனப் பென்ஷனையும் பேச வேண்டும். நான் பனிமலைப் போஸ்ட்டில் இருந்து காது கேட்கும் திறனை இழந்தவன். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு என் பேப்பரில் எழுதியது "பணியால் ஏற்பட்டதும் இல்லை, பணியால் அதிகரித்ததும் இல்லை". அந்த ஒரு வரியால் ஊனப் பென்ஷன் போய்விட்டது.

2013இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேரும்போது உடம்பு நன்றாக இருந்தது என்று எழுதிச் சேர்த்துக்கொண்டால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் இன்னொன்று: 20 சதவீத ஊனம் என்றால் 50 ஆகக் கணக்கிடும் சலுகை, மருத்துவக் காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இல்லை, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு. இந்த இரண்டையும் வைத்து ராணுவத் தீர்ப்பாயத்தில் சென்னை அமர்விலும் மற்ற அமர்வுகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன், நான்கு வருடம் ஆனது.

என் ஆதங்கம் இதுதான். சட்டம் தெளிவான பிறகும் ஒவ்வொரு ஜவானும் தனித்தனியாக வக்கீல் வைத்து வாங்க வேண்டியிருக்கிறது. வழக்குப் போடாதவனுக்கு இல்லை. 2023 செப்டம்பரில் புது விதிமுறை வந்ததில் இனி வெளியே வருகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். பிரஷர், சர்க்கரை போன்றவற்றை வாழ்க்கைமுறை நோய் என்று தள்ளிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. பதினைந்தாயிரம் அடி உயரத்தில் டின் சாப்பாடும் தூக்கமில்லாத ராத்திரியும் அவனாகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை இல்லை.

டெக்சாஸ் தமிழன்:

நான் இருக்கும் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஈராக்கில் இருந்தவர். அதனால் இங்கே நடப்பதைக் கவனித்து வருகிறேன். இரண்டு விஷயம் உங்கள் பேச்சுக்குப் பொருந்தும்.

ஒன்று, லோ மெடிக்கல் எழுதியது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையைப் பெரிய குழிகளில் போட்டு எரித்த புகையால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தவர்கள், அது அந்தப் புகையால்தான் வந்தது என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. பல வருடம் போராடிய பிறகு 2022 ஆகஸ்டில் பேக்ட் சட்டம் வந்தது. இருபதுக்கு மேற்பட்ட நோய்களைப் பட்டியல் போட்டு, அந்த இடத்தில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் வழக்குப் போட வேண்டியதில்லை.

இரண்டாவது, முதல் கேள்விக்கு நேராகப் பொருந்துவது. இங்கேயும் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் இழுபறியில் முன்னாள் வீரர் ஆஸ்பத்திரிகள் பணத்துக்காகக் காத்திருந்தன. 2009இல் ஒரு சட்டம் போட்டு, மருத்துவச் செலவுக்கான பணத்தை ஒரு வருடம் முன்கூட்டியே ஒதுக்க ஆரம்பித்தார்கள். அதாவது அடுத்த வருடத்துப் பணம் இந்த வருடமே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிடும். வருடம் மாறும்போது கதவு மூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2014இல் ஃபீனிக்ஸ் நகர முன்னாள் வீரர் ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியலை மறைத்தது வெளியே வந்து, துறை அமைச்சரே பதவி விலகினார். 2024இலும் மதிப்பீடு பற்றாமல் துணை நிதி கேட்டார்கள். ஆனால் பணம் எப்போது வரும் என்ற நிச்சயம், எவ்வளவு வரும் என்பதைப் போலவே முக்கியம் என்று இங்கே புரிந்துகொண்டார்கள்.

பழைய சுபேதார் கிளார்க்:

முன்கூட்டி ஒதுக்குவது பற்றி எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நம் ஊரில் முழுதாக அப்படிச் செய்ய வழிமுறை வேறாக இருக்கலாம். ஆனால் நிலுவையை ஒரே தடவை தனித் தொகையாக அடைத்துவிட்டு, புது வருடத்தைச் சுத்தமான நோட்டில் தொடங்க ஏன் கூடாது? இந்த 12,100 கோடியில் அதைச் செய்ய ஒரு வாய்ப்பு இருக்கிறது. பயனாளிகள் அறுபது லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு வருடம் சுமார் இருபதாயிரம் வரும். போன வருடத் தொகையில் பதினாலாயிரத்தைத் தொடவில்லை. எழுபது தாண்டியவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு இருபதாயிரம் அள்ளிக் கொடுத்ததாக ஆகாது, ஆனால் ஒழுங்காகச் செலவழித்தால் ஜனவரி வறட்சி வராது. பழைய நோட்டிலேயே பாதி போனால் 2027 ஜனவரியிலும் இதே இழையை மறுபடி எழுதுவோம்.

அக்னிவீர் அண்ணன்:

என் தம்பி, நான்கு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கும் அக்னிவீர் திட்டத்தில் முதல் பேட்ச். 2026 கடைசியில் நான்கு வருடம் முடிகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு வெளியே வரும்போது சுமார் 11.71 லட்சம் சேவா நிதி என்ற மொத்தத் தொகை, அதில் அவனே போட்ட பணமும் சேர்ந்தது. பென்ஷன் இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. பணியில் இருக்கும்போது ஊனமானால் சதவீதத்தைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் கருணைத்தொகை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்குக்குள் வராத முழங்கால் வலி, காது இரைச்சல்? இருபத்து மூன்று வயதில் வெளியே வருகிறவனுக்கு நாற்பது வயதில் தலை காட்டும் பிரச்சினை?

இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் அட்டை இருந்தும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். இவனுக்கு அட்டையே கிடையாது. வேலையில் இடஒதுக்கீடு எல்லாம் அறிவித்திருக்கிறார்கள், நல்லது. மருத்துவத்தை மட்டுமாவது, சந்தா கட்டியாவது சேர அனுமதித்தால் போதும் என்று கேட்கிறோம்.

லோ மெடிக்கல்:

அண்ணா, வெளியே வரும் நாளில் உங்கள் தம்பியின் மெடிக்கல் பேப்பர் பிரதி எல்லாவற்றையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சேரும்போது எடுத்ததும் சேர்த்து. சின்ன காயமாக இருந்தாலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2019இல் குறுகிய காலப் பணிக்கு எடுக்கப்படும் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளைச் சந்தா கட்டி ஈசிஎச்எஸ்ஸில் சேர அனுமதித்தார்கள். அவர்களுக்கும் பென்ஷன் இல்லை. எனவே நீங்கள் கேட்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது, அதைச் சொல்லியே கேளுங்கள்.

அக்னிவீர் அண்ணன்:

இது தெரியாது. மனு எழுதும்போது முதல் வரியாக இதையே போடுகிறேன். நன்றி அண்ணா.

சேப்பர் மகன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாரும் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "மருந்துக் கட்டு" எழுதிய இருநூற்று ஐம்பது ரூபாய் விஷயத்தைக் கேட்டதும் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தார். நான்கு வருடத்து "என்ஏ" சீட்டு, மெடிக்கல் ஷாப் ரசீது, ரப்பர் பேண்ட் போட்டு. எதற்கும் கிளெய்ம் போடவில்லை. கூட்டிப் பார்த்தால் 31,460 ரூபாய். ஏன்ப்பா போடவில்லை என்றேன். "அவங்களும் நம்ம ஆளுங்கதானே, ஏற்கனவே கூட்டம்" என்றார்.

சுபேதார் ஐயா சொன்னபடி கடிதம் போட்டேன். இணையதளத்தில் எண் கிடைத்தது. பத்து நாளில் ரீஜினல் சென்டரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு விளக்கம் கேட்டுப் போனது. போன செவ்வாய்க்கிழமை கேஷ்லெஸ் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். கட்டிய பணத்துக்கு இன்னும் பதில் இல்லை. எங்களுக்கு மட்டும் ஆரம்பித்தார்களா எல்லாருக்குமா என்று கேட்டேன், எல்லாருக்கும்தான் என்றார்கள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் நாயக் தாத்தாவுக்கும் அன்று ரசீது போடவில்லை, அதை என் கண்ணால் பார்த்தேன்.

கம்மவான்பேட்டைப் பக்கம் எழுதியவருக்கு: அம்மா பெயரைப் பார்த்தேன். பிபிஓவில் ஒரு எழுத்து தப்பு, பிறந்த வருடமும் வேறு. பெங்களூரு ரெக்கார்ட்ஸுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா இன்று டயாலிசிஸ் முடிந்து களைப்பாக இருக்கிறார், கை நடுங்குகிறது. நாளைக் காலையில் கையெழுத்து வாங்கி ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிடுகிறேன்.

கம்மவான்பேட்டைப் பக்கம்:

கையெழுத்தோடு இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கிவிடுங்கள் தம்பி. கை நடுங்கினால் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.